புளித்த மாவிலிருந்து ஒரு டம்ளர்

ராத்திரி ஒன்பது மணிக்கு அரைத்து, உப்புப் போட்டு, கையால் கலந்து மூடி வைத்த இட்லி மாவு காலையில் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தால் சுரீரென்று புளிப்பு. அந்தப் புளிப்பின் பெரும்பகுதி லாக்டிக் அமிலம். தயிரில் இருப்பதும் அதுதான். 1780-இல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் புளித்த பாலிலிருந்து அதை முதன்முதலில் பிரித்தெடுத்தார்.

அந்த லாக்டிக் அமிலத்தை ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டே போனால் பிளாஸ்டிக் கிடைக்கும். கண்ணாடிபோல் தெளிந்த டம்ளர், தேநீர்ப் பை, துணி இழை, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஓடும் கம்பி எல்லாம் அதில் செய்கிறார்கள். பாலிலாக்டிக் அமிலம் என்று பெயர், சுருக்கமாக பி.எல்.ஏ. பெட்ரோலியம் இல்லாமல், நிலத்தில் விளைவதை வைத்தே பொருள்களைச் செய்துகொள்ளும் எதிர்காலம் ஒன்றைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் முதலில் எடுத்துக் காட்டப்படுவது இதுதான். அந்த எதிர்காலம் எப்படி இயங்கும் என்று தெரிந்துகொள்ள நம் அடுப்படியைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியவில்லை. பி.எல்.ஏ. ஆலையில் நடக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு வேலையையும் நம் வீட்டுப் பெண்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள்.

முதலில் ஊறவைத்தல். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிளேர் என்றொரு சிற்றூர். சுற்றிலும் மக்காச்சோளக் காடு. அங்கே 2002-இல் பெரிய அளவில் பி.எல்.ஏ. தயாரிக்கத் தொடங்கினார்கள்; ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டன் செய்யக்கூடிய ஆலை. அதன் பக்கத்திலேயே சோளத்தை ஊறவைத்து அரைக்கும் ஆலை இருக்கிறது. நாம் உளுந்தை நான்கு மணி நேரம் ஊறவைக்கிறோம்; அவர்கள் சோளத்தை ஒன்றரை நாளுக்கு மேல் வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்கிறார்கள். ஊறியதும் முளைக்கரு தனியே வரும். அதைப் பிழிந்து எண்ணெய். நாரும் புரதமும் மாட்டுத் தீவனம். மீந்த வெள்ளைப் பால் ஸ்டார்ச். தேங்காயில் பருப்பு சட்னிக்கு, ஓடு அடுப்புக்கு, மட்டை கயிற்றுக்கு என்று பிரிவதைப்போல எதுவும் வெளியே போவதில்லை. அதே வளாகத்தில் ஒரு பக்கம் எத்தனாலும் இன்னொரு பக்கம் தீவனத்துக்கான லைசினும் தயாராகின்றன. ஒரே அடுப்பில் நாலு பண்டம். தாவரத்தை வைத்து ஆலை நடத்துகிறவருக்கு இந்தச் சிக்கனம் இல்லாவிட்டால் கணக்கு ஒருநாளும் ஒத்துவராது.

இந்த வேலைக்குச் சோளம்தான் வேண்டும் என்றில்லை. தாய்லாந்தின் ராயோங்கில் உள்ள ஆலை கரும்புச் சர்க்கரையில் ஓடுகிறது. சேலம், நாமக்கல் பக்கம் போனால் குச்சிக்கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, தொட்டியில் தெளியவைத்து ஜவ்வரிசி ஆக்கும் சேகோ ஃபேக்டரிகளைப் பார்க்கலாம். அந்தத் தொட்டியின் அடியில் படியும் வெள்ளை மாவும் இதே ஸ்டார்ச்தான். பிழிந்தபின் மிஞ்சும் திப்பியில்கூட ஏராளமான ஸ்டார்ச் ஒட்டிக்கொண்டிருக்கும். கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்து அதையே எரிபொருளாக்கும் ஃபேக்டரிகளும் அங்கே உண்டு.

அடுத்தது ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக்குவது. இதற்குச் சாட்சி நம் வாயிலேயே இருக்கிறது. வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து விழுங்காமல் நிதானமாக மென்றுகொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் லேசாக இனிக்கும். ஸ்டார்ச் என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோர்த்த நீண்ட மாலை. எச்சிலில் உள்ள நொதி அந்த மாலையை ஆங்காங்கே வெட்டுகிறது. குழந்தைக்குக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சும் தாய்மாருக்கு இன்னொன்றும் தெரியும்: சாதாரண கேழ்வரகு மாவில் கட்டியாக நிற்கும் கஞ்சி, முளைகட்டிய மாவில் இளகி ஓடும். முளைக்கும்போது தானியம் தனக்குள்ளேயே அந்தக் கத்தரிக்கோலைத் தயாரித்துக்கொள்கிறது. ஆலையிலும் முறை இதுவே. ஸ்டார்ச் பாலைக் கொதிநிலைக்கு மேலே சூடாக்கி, அந்தச் சூட்டையும் தாங்கும் ஒரு நொதியைச் சேர்த்தால் கூழ் கஞ்சித் தண்ணீராகிவிடும். பிறகு சூட்டைக் குறைத்து இன்னொரு நொதி. மாலை முழுவதும் உதிர்ந்து குளுக்கோஸ் மணிகளாகிவிடும்.

இப்போது புளிக்கவைக்கும் இரவு. எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியதும்கூட.

இட்லி மாவில் நாம் எந்த நுண்ணுயிரியையும் வாங்கிச் சேர்ப்பதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் அவை தாமே வருகின்றன. அவற்றில் முக்கியமானது லியூகோனோஸ்டாக். அது சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தோடு கரியமில வாயுவையும் விடும். அந்த வாயுதான் மாவை உப்பவைக்கிறது. இட்லி பூப்போல வருவது அதனால்தான். நமக்கு அது வரம், ஆலைக்காரருக்கோ நஷ்டம். வாயுவாகப் போகும் கரி அத்தனையும் அவர் காசு கொடுத்து வாங்கிய சர்க்கரை. ஆகவே அவர் மாவுப் பானையை விட்டுவிட்டுத் தயிர்ப் பானையைப் பின்பற்றுகிறார். தயிருக்கு உறைமோர் ஊற்றுகிறோம் அல்லவா? முந்தைய நாளின் நல்ல தயிரிலிருந்து தெரிந்தெடுத்த கூட்டத்தை இன்றைய பாலில் குடியேற்றுகிறோம். அதேபோல, தூய்மையாக்கிய எஃகுத் தொட்டியில் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு வகை நுண்ணுயிரியை மட்டும் விடுகிறார்கள். அது வாயு விடாது. ஆறு கரி அணுக்கள் கொண்ட குளுக்கோஸை நடுவில் ஒடித்து, மூன்று மூன்றாக இரண்டு லாக்டிக் அமிலமாக்கிவிடும்.

இதன் அழகைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். 180 கிராம் குளுக்கோஸை எத்தனாலாக்கினால் அதிகபட்சம் 92 கிராம் எத்தனால் வரும். மிச்சம் 88 கிராம் கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடும். அதே 180 கிராமை லாக்டிக் அமிலமாக்கினால், ஏட்டுக் கணக்கில், 180 கிராமும் அப்படியே அமிலம். ஒரு பொட்டு வீணில்லை. நடைமுறையில் இதில் கொஞ்சம் குறையும். ஆனாலும் பெட்ரோலியத்துக்கு மாற்று தேடியவர்கள் இந்தப் புளிப்பின் பக்கம் வந்து நின்றதற்கு இந்தக் கணக்கு ஒரு பெரிய காரணம்.

புளிப்பு ஏற ஏற ஒரு தொல்லை. மாவை இரண்டு நாள் வெளியிலேயே வைத்திருந்தால் ஒரு கட்டத்துக்குமேல் நுண்ணுயிரிகள் தாங்கள் விட்ட புளிப்பிலேயே சோர்ந்துவிடும். அம்மா அப்படிப்பட்ட மாவில் ஒரு சிட்டிகை சோடா உப்பைப் போட்டுத் தோசை ஊற்றுவாள், புளிப்பு மட்டுப்படும். ஆலையில் அந்தச் சோடா உப்பின் இடத்தில் சுண்ணாம்பு. புளிக்கப் புளிக்கச் சுண்ணாம்பைச் சேர்த்துக்கொண்டே இருந்தால் நுண்ணுயிரிகள் களைக்காமல் வேலை செய்யும். ஆனால் அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்து உப்பாகிவிடும். அதைத் திரும்ப அமிலமாக்கக் கந்தக அமிலம் ஊற்ற வேண்டும். அடியில் ஜிப்சம் படியும், ஒரு டன் லாக்டிக் அமிலத்துக்கு ஏறக்குறைய ஒரு டன். ‘பசுமைப் பொருள்’ என்று அட்டையில் அச்சிட்டு வரும் டம்ளருக்குப் பின்னால் இப்படி ஒரு வெள்ளை மலை இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. புளிப்பைத் தாங்கும் ஈஸ்ட் வகைகளை உருவாக்கி, சுண்ணாம்பின் தேவையையே குறைக்கும் வேலையும் நடந்திருக்கிறது. கழிவை அள்ளுவதைவிடக் கழிவு பிறக்காத சமையல் முறையைக் கண்டுபிடிப்பது எவ்வளவோ மேல்.

அடுத்த கட்டத்தில்தான் பல ஆண்டுகள் தடுக்கி விழுந்தார்கள். அமிலத்தைப் பிளாஸ்டிக்காக்க வேண்டும், அதாவது மணிகளை மறுபடியும் மாலையாகக் கோர்க்க வேண்டும். நைலானைக் கண்டுபிடித்த வாலஸ் கரோதர்ஸ் 1930-களின் தொடக்கத்திலேயே இதைச் செய்து பார்த்தார். கிடைத்தது பலமில்லாத பொருள். காரணம் தண்ணீர். இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகள் கை கோர்க்கும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியே வரும். அந்த நீர் அங்கேயே நின்றால் கோர்த்த கையை மறுபடி பிரித்துவிடும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவருக்கு இது புரியும்: தண்ணீர் போகப் போகப் பாகு இறுகும், பதம் வரும், ஆனால் இறுக இறுக, உள்ளே மாட்டிக்கொண்ட கடைசித் தண்ணீரை வெளியேற்றுவது பெரும்பாடு. அடுப்பைக் கூட்டினால் பாகு கருகும்.

இதற்குக் கண்டுபிடித்த வழி இரண்டு. ஒன்று, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் காய்ச்சுவது. குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியபிறகே கொதிக்கிறது. ஊட்டியில் காற்றழுத்தம் குறைவதால் சீக்கிரமே கொதித்து, அரிசி வேக நேரமாகிறது. ஆலைக்காரர்கள் ஊட்டியைவிட உயரத்துக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் மிகக் குறைந்த கலத்தில், கருகாத சூட்டிலேயே நீர் கழன்று ஓடும்.

மற்றது மல்லிகை தொடுக்கும் வித்தை. பூக்கட்டுகிற அக்கா உதிரிப்பூவை ஒவ்வொன்றாக முடிவதில்லை. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று இணையிணையாக வைத்து ஒரு முடிச்சு. இவர்களும் லாக்டிக் அமிலத்தை இரண்டிரண்டாக இணைத்து முதலில் சின்ன வளையமாக்குகிறார்கள். அதற்கு லாக்டைடு என்று பெயர். தண்ணீரெல்லாம் இந்தக் கட்டத்திலேயே வெளியேறிவிடும். வளையங்களைக் காய்ச்சி வடித்துச் சுத்தப்படுத்தி, பிறகு வெள்ளீயம் கலந்த ஒரு வினையூக்கியைக் கொண்டு ஒவ்வொரு வளையத்தையும் திறந்து அடுத்ததோடு மாட்டுகிறார்கள். இப்போது கோர்க்கும்போது தண்ணீர் பிறப்பதே இல்லை. சரம் ஆயிரக்கணக்கான மணி நீளத்துக்கு வளரும். பலமும் வரும். அப்புறம் முறுக்கு உழக்கில் மாவைப் பிழிவதுபோல உருகிய சரத்தை அச்சுவழியே பிழிந்து, ஆறவைத்து, ஜவ்வரிசி அளவுக்கு நறுக்கினால் சந்தைக்குத் தயார். டம்ளர் செய்கிறவர் அதை வாங்கி மறுபடி உருக்கிக்கொள்வார்.

போகிற போக்கில் ஒன்று. லாக்டிக் அமிலத்தில் இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவங்கள் உண்டு, செருப்பு ஜோடியைப்போல. ஒரே கையாக இருந்தால் சரங்கள் நெருக்கமாக அடுக்கிக்கொண்டு பொருள் உறுதிப்படும். இரண்டும் கண்டபடி கலந்தால் தொளதொளவென்று ஆகிவிடும். ஒரே வகை நுண்ணுயிரியை வைத்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

சமையல் முடிந்தது. பந்தி எவ்வளவு பெரியது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

உலகம் ஆண்டுக்குச் சுமார் 40 கோடி டன் பிளாஸ்டிக் செய்கிறது. தாவரத்திலிருந்து வருவதும் மக்கக்கூடியதும் எல்லாம் சேர்த்து அதில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. மீதி முழுவதையும் பி.எல்.ஏ.வாக மாற்றிவிடலாமா? அடுப்படிக் கணக்காகவே போட்டுப் பார்த்தேன். 100 கிலோ ஸ்டார்ச்சிலிருந்து, ஒரு துளி சிந்தாமல் செய்தால், 89 கிலோ பி.எல்.ஏ. வரும். 40 கோடி டன்னுக்கு 45 கோடி டன் ஸ்டார்ச் வேண்டும். காய்ந்த மக்காச்சோள மணியில் பத்தில் ஏழு பங்கு ஸ்டார்ச். அப்படியானால் 64 கோடி டன்னுக்கு மேல் சோளம். உலகம் முழுவதும் ஓராண்டில் விளைவதே ஏறக்குறைய 120 கோடி டன். பாதிக்கு மேலான சோளத்தைத் தூக்கி டம்ளருக்கும் பைக்கும் கொடுத்துவிட்டால் கோழிக்கு என்ன போடுவது, மனிதர் எதைத் தின்பது? அந்தச் சோளத்துக்குப் போடும் யூரியாவே இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வருகிறது. வயலிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும்.

ஆகவே இப்போது தூக்கி எறிவதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு மூலப்பொருளை மட்டும் மாற்றும் திட்டம் பலிக்காது என்பது என் உறுதியான எண்ணம். பத்து நிமிடம் பயன்படும் டம்ளரை முதலில் குறைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பலவற்றுக்குத் தடை வந்தபோது வாழையிலையும் பாக்குமட்டைத் தட்டும் மஞ்சப்பையும் மறுபடி பேச்சில் வந்தன. அவையும் தாவரப் பொருள்கள்தான். நொதியும் வினையூக்கியும் கேட்பதில்லை. இலை போதுமான இடத்தில் இலை இருக்கட்டும்.

வைக்கோலையும் கரும்புச் சக்கையையும் பயன்படுத்தினால் சோற்றில் கைவைக்க வேண்டாமே என்று கேட்கலாம். சரியான கேள்வி. வைக்கோலின் செல்லுலோஸும் குளுக்கோஸ் மணிகளின் மாலையே; முடிச்சுதான் வேறு. அந்த முடிச்சை அவிழ்க்க நம் வயிற்றால் முடியாது, மாட்டின் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளால் முடியும். போதாததற்கு லிக்னின் என்ற காரை அந்த மாலையைச் சுற்றிப் பூசியிருக்கிறது. கொட்டாங்குச்சி அவ்வளவு கெட்டியாக இருப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. காரையைப் பெயர்த்து மாலையை எடுக்கும் செலவு இன்னும் அதிகம். இதைக் குறைக்கத்தான் பல ஆய்வுக்கூடங்கள் இரவு பகலாக வேலை செய்கின்றன. உண்மையான மாற்றம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும் என்று நம்புகிறேன்.

இனி மக்குவது. மக்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. ‘மக்கும்’ என்று அச்சிட்ட ஒரு பி.எல்.ஏ. ஸ்பூனை ஒருமுறை விருந்திலிருந்து கொண்டுவந்து மாடியில் உள்ள மக்குத் தொட்டிக்குள் போட்டேன். வாழைப்பழத் தோல் காணாமல் போனது, டீத்தூள் மண்ணானது. எட்டு மாதம் கழித்தும் ஸ்பூன் கழுவி எடுத்தால் மறுபடி உபயோகிக்கலாம்போல இருந்தது.

பொய் சொன்னார்களா என்று தேடிப்போனபோது விஷயம் புரிந்தது. பி.எல்.ஏ. மக்குவதன் முதல் வேலையைச் செய்வது தண்ணீர். செய்யும்போது விரோதியாக இருந்த அதே தண்ணீர், முடிக்கும்போது உள்ளே புகுந்து சரத்தை வெட்டித் துண்டுகளாக்கும். அதன்பிறகே நுண்ணுயிரிகள் தின்னும். ஆனால் 55, 60 டிகிரிக்குக் கீழே சரங்கள் விறைத்து நிற்கின்றன. தண்ணீர் எளிதில் நுழையாது. மூட்டையில் கிடக்கும் அரிசி வருஷக்கணக்கில் அப்படியே இருப்பதையும் உலைநீரில் போட்டால் அரைமணியில் குழைவதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சூடான காபியை ஊற்றினால் சாதாரண பி.எல்.ஏ. டம்ளர் தொய்ந்துபோவதும் இதனால்தான். என் மாடித் தொட்டி அந்தச் சூட்டை எட்டவே இல்லை. கடலும் எட்டாது, சாக்கடையும் எட்டாது.

ஊர்ப்பக்கம் எருக்குழி பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு பழக்கமானது. மார்கழிக் காலையில் குழியைக் கிளறினால் ஆவி எழும். கையை உள்ளே விட முடியாது. பெரிய குவியலுக்குள் நுண்ணுயிரிகள் கிளப்பும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் 60 டிகிரிக்கு ஏறும். சின்னத் தொட்டியில் அது உடனுக்குடன் ஆறிவிடும். பெரிய குவியலை ஈரம் குறையாமல், அந்தச் சூட்டிலேயே வாரக்கணக்கில் வைத்திருந்தால் பி.எல்.ஏ. சில மாதங்களில் மறைந்துவிடும். அப்படிப்பட்ட உரக்கூடத்துக்கு அந்த டம்ளரைப் பிரித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு உங்கள் நகராட்சியில் உண்டா? இல்லையென்றால் ‘மக்கும்’ என்ற எழுத்துக்கு அந்த ஊரில் பொருளில்லை. சாதாரணத் தண்ணீர் பாட்டில்களின் குவியலில் கலந்துவிட்டாலோ மறுசுழற்சிக்குப் போகும் அந்தக் குவியலும் கெடும்.

எதிலிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. எப்படி முடியும் என்பது வேறு கேள்வி. கடைக்காரரும் விளம்பரமும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். பிரேசிலில் 2010 முதல் கரும்பு எத்தனாலிலிருந்து பாலித்தீன் செய்கிறார்கள். முழுக்கக் கரும்பு; ஆனால் நம் கேரி பேக்கைப்போலவே மக்காது. மறுபக்கம், பெட்ரோலியத்திலிருந்து செய்தும் உரக்குழியில் மக்கும் பிளாஸ்டிக் வகைகள் இருக்கின்றன. அடுத்தமுறை பச்சை நிற இலைப் படம் போட்ட பையைக் கையில் வாங்கும்போது இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இரண்டுக்கும் நல்ல பதில் உள்ள இடங்கள் இருக்கின்றன. என் அக்காவுக்குப் பிரசவத்தின்போது தையல் போட்டார்கள். “தையல் பிரிக்க வர வேண்டாம்மா, அதுவே கரைஞ்சிடும்” என்றார் நர்ஸ். பரவலாகப் பயன்படும் அந்த வகை நூலில் பெரும்பங்கு கிளைகாலிக் அமிலம், சிறுபங்கு லாக்டிக் அமிலம். இரண்டையும் இதே வளைய வித்தையால் கோர்த்திருப்பார்கள். உடைந்த எலும்பைப் பிடித்துவைக்கும் சில திருகாணிகள் முழுக்கவே பி.எல்.ஏ. உடலுக்குள் ஈரம் எப்போதும் உண்டு. 37 டிகிரி சூடும் உண்டு. காயம் ஆறும்வரை நூல் தாங்கும். பிறகு தண்ணீர் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கும். எவ்வளவு நாள் நிற்க வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்பதையெல்லாம் செய்யும்போதே யோசித்து வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அக்காவுக்கு அம்மா இரண்டு இட்லி வைத்தாள். அந்த இட்லியின் புளிப்பையும், தையலிலிருந்து கரைந்து வந்த லாக்டிக் அமிலத்தையும் அவள் உடம்பு வேறுவேறாகப் பார்க்கவில்லை. இரண்டையும் எரித்து, தண்ணீராகவும் மூச்சுக்காற்றாகவும் வெளியே விட்டது.